விட்டுக்கொடுத்த பதவி

...ஒரு தேங்க்ஸ் சொன்னால் போதும், அதற்குத்தான் சஹானா காத்திருக்கிறாள், காத்திருப்பதைக் காட்டிக்கொள்ளாமல் காத்திருக்கிறாள், ஸ்டியரிங் மேல் விரலால் தாளம் போட்டுக்கொண்டு, வைப்பர் இப்படியும் அப்படியும் போய்வருவதைப் பார்த்துக்கொண்டு... சொல்லிவிடலாம், என்ன வந்தது, ஒரு நாளைக்கு எத்தனை பேருக்குச் சொல்கிறோம், லிஃப்ட் கதவைப் பிடித்து நிறுத்துகிறவனுக்கு, காபி மெஷினில் கப்பை நகர்த்தித் தருகிறவளுக்கு, மெயிலின் கடைசி வரியில் முகம் தெரியாத ஏதோ ஜெர்மன்காரனுக்கு... ஆனால் டானியாவின் வாயில் அது வரமாட்டேன் என்றது. பூனேயில், கராடி ஆபீஸ் பேஸ்மென்டிலிருந்து கார் கிளம்பும்போது நன்றாகத்தான் இருந்தாள். மழை, இந்த நேரத்துக்கு கேப் கிடைக்காது, வா நான் டிராப் பண்றேன் என்று சஹானா கூப்பிட்டாள், மழை வந்தால் எப்போதும் கூப்பிடுவதுதான், இருவரும் ஒரே சாஃப்ட்வேர் கம்பெனியில் ஒரே மட்டத்து மேனேஜர்கள், எதிரெதிர் கேபின், ஐந்து வருடப் பழக்கம். முந்த்வா பாலத்தில் ஏறியதும் வண்டிகள் நின்றுவிட்டன. முன்னால் தார்ப்பாய் போட்ட டெம்போ, பின்னால் கம்பெனி பஸ், பக்கத்தில் பாலத்துச் சுவர், கீழே மழைத் தண்ணீரில் பழுப்பாகிப்போன ஆறு. அப்போதுதான் சஹானா ரேடியோவின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, சினிமா டிக்கெட்டை யாருக்கோ மாற்றிக் கொடுத்ததைச் சொல்வது மாதிரி சொன்னாள்.

"டானியா, உனக்கு ஒரு நியூஸ். டெலிவரி ஹெட் போஸ்ட் உனக்குத்தான். நான் வேண்டாம்னுட்டேன். லக்ஷ்மி அங்கிள்ட்ட சொல்லிட்டேன், டானியாவுக்கே குடுத்துடுங்கோன்னு."

குடுத்துடுங்கோ... இந்தச் சொல்லுக்கு டானியா தயாராக இல்லை. மற்ற எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தாள். போஸ்ட் சஹானாவுக்குப் போனால் என்ன சொல்வது என்று குளிக்கும்போதெல்லாம் சொல்லிப் பார்த்திருந்தாள், கேபினுக்கு நேராக நடந்து போய், கையைப் பிடித்து, யூ டிசர்வ் இட் என்று சொல்லி, கண் கலங்காமல் திரும்பி வருவது வரைக்கும். தனக்குக் கிடைத்தால் எப்படி இருப்பது என்பதும் தயார், அலட்டிக்கொள்ளாமல், டீமுக்கு நன்றி சொல்லி, சஹானாவின் பெயரை முதலில் சொல்லி... தோற்பதற்கு ஒரு முகம், ஜெயிப்பதற்கு ஒரு முகம். கொடுக்கப்படுவதற்கு முகம் எங்கே இருக்கிறது? ஐந்து வருடம், ஃபிராங்ஃபர்ட் கிளையன்டின் எல்லா ரிலீஸும் அவள் தலையில், எல்லோரும் ஊருக்குப் போகிற தீபாவளிக்கு அவள் இருந்தாள், சரி நான் கிறிஸ்டியன்தானே என்று சிரித்துக்கொண்டு இருந்தாள், பிறகு கிறிஸ்துமஸுக்கு முந்தின சாயங்காலம் சர்வர் விழுந்தபோதும் அவள்தான் இருந்தாள், சர்ச்சில் அம்மா பக்கத்து இடத்தில் கைப்பையை வைத்துப் பிடித்துக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். சனிக்கிழமை காலைகளில் ஜெர்மன் வகுப்பு, கல்லூரிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து என் பெயர் டானியா, நான் பூனேயில் வசிக்கிறேன்... அதெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும், லக்ஷ்மி அங்கிள் என்றால் யார்?

"அங்கிளா?" என்று கேட்டாள். குரல் சாதாரணமாகத்தான் வந்தது.

"ஓ, உனக்குத் தெரியாதா? எல்.என்தான். அப்பா பாம்பேல பேங்க்ல இருந்தப்போ எங்களுக்குப் பக்கத்து ஃபிளாட். நான் சின்னக் குழந்தை அப்போ. ஆபீஸ்ல காட்டிக்க மாட்டேன், நன்னா இருக்காதோல்லியோ. ஞாயித்துக்கிழமை ஆத்துக்குச் சாப்பிட வந்திருந்தார், அப்போதான் பேச்சு வந்தது."

லக்ஷ்மிநாராயணன், பூனே ஆபீஸுக்கே தலைவர், ஆபீஸில் எல்லோருக்கும் எல்.என். அவர் கேபின் வாசலில் நிற்கும்போது டானியா இன்னும் துப்பட்டாவை ஒருமுறை சரி செய்துகொள்வாள், அவர் மெயிலுக்குப் பதில் எழுதினால் மூன்று முறை படித்துவிட்டுத்தான் அனுப்புவாள், அவர் ஞாயிற்றுக்கிழமை சஹானா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ரசத்தை உறிஞ்சிக்கொண்டே... ஞாயிற்றுக்கிழமை நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? இன்டர்வியூவுக்காகப் படங்கள் வரைந்த ஸ்லைடுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன், திங்கட்கிழமை அதே எல்.என் முன்னால் நின்று ஒரு மணி நேரம் பேசினேன், தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார், எக்ஸலன்ட் என்றார், அதற்கு முந்தின நாளே எல்லாம் முடிந்துபோயிருந்தது, பாயசத்துக்கு முன்னாலா பின்னாலா... சஹானாவைப் பார்த்து டானியாவுக்குக் கோபப்படவும் முடியவில்லை. இவள் கெட்டவளாக இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். போன வருடம் சஹானாவின் ரிலீஸ் ஒன்று கவிழ்ந்தபோது டானியாதான் உட்கார்ந்து தூக்கி நிறுத்தினாள், மறுநாள் அத்தனை பேர் முன்னாலும் எழுந்து, காப்பாத்தினது டானியா, நான் இல்லை என்று சொன்னவள் சஹானா. யார் சொல்வார்கள் அப்படி? டானியா சொல்லியிருப்பாளா? சொல்லியிருக்க மாட்டாள், தன் தவறு வெளியே தெரிந்தால் அதோடு போயிற்று என்று பயந்திருப்பாள். இவளுக்கு அந்தப் பயம் கிடையாது, இவள் வழுக்கினால் கீழே எப்போதும் ஏதோ ஒன்று விரித்திருக்கிறது.

டெம்போ ஒரு அடி நகர்ந்து நின்றது. கதவு தானாகப் பூட்டிக்கொள்கிற கார், பெல்ட் தோளை அழுத்துகிறது, ஏசி கணுக்காலில் சில்லென்று படுகிறது. இறங்கி நடந்துவிடலாமா, இந்த மழையில், பாலத்து நடுவில், என்ன காரணம் சொல்வது...

"ஏன் வேண்டாம்னே?" என்றாள்.

"எனக்கு எதுக்குடி இந்த ஜன்ஜட், இந்தத் தொல்லை? மாசா மாசம் ஃபிராங்ஃபர்ட், ராத்திரி கால், வாரத்துக்கு ஒரு சண்டை. மாதவும் சொல்றான், ஒரு வருஷம் பிரேக் எடுத்துக்கோன்னு. கூர்க்ல என் மாமனாரோட எஸ்டேட் சும்மாதானே கிடக்கு. உனக்குத்தான் இது வேணும், எனக்குத் தெரியும்."

வேணும்... ஆமாம், வேண்டும்தான், வேண்டாம் என்று யார் சொன்னது, ஆனால் அது வெளியே தெரியும்படி நான் எப்போது நடந்துகொண்டேன்? பசிக்கிறவள் மாதிரியா தெரிந்தேன்? சஹானா சிரித்தாள், சிரிப்பில் ஒன்றும் இல்லை, வெறும் சந்தோஷம், பிறந்தநாள் பரிசைப் பிரிக்கும்போது பக்கத்தில் நின்று பார்க்கிறவளின் சந்தோஷம்.

"அவர் சட்டுனு ஒத்துக்கல, தெரியுமோ? டானியா சாலிட், வேலைல யாரும் கிட்ட வர முடியாது, ஆனா கிளையன்ட் ரூம்ல... என்ன சொன்னார்... ஈஸியா இருக்க மாட்டான்னார். நான் விடலியே. அதை நான் பாத்துக்கறேன் அங்கிள், போறதுக்கு முன்னாடி ரெண்டு மாசம் கூடவே இருந்து க்ரூம் பண்ணிடறேன்னு ப்ராமிஸ் பண்ணினேன்."

ஈஸியாக இருக்க மாட்டாள்... அந்தச் சாப்பாடுதான், வேறு என்ன, இரண்டு வருடத்துக்கு முன்னால் ஜெர்மனியிலிருந்து வந்தவர்களை ஓட்டலுக்குக் கூட்டிப்போன அன்றைக்கு. எந்த முள் கரண்டி எதற்கு, நாப்கினை எங்கே வைப்பது, சூப்பை எந்தப் பக்கமாக அள்ளுவது, எதிலும் டானியா தப்பு செய்யவில்லை, அப்பா சிரில் கடக்வாஸ்லா பக்கத்தில் ராணுவ மெஸ்ஸில் முப்பது வருடம் பரிமாறுகிற பேரராக இருந்தவர், சமையலறை மேசையில் ஈயம் பூசின தட்டுக்கு இரண்டு பக்கமும் கரண்டியை அடுக்கி அவளுக்கும் தம்பி பெனிஸ்டனுக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறார், இடது பக்கத்திலிருந்து பரிமாறணும், வலது பக்கத்திலிருந்து எடுக்கணும். அதுதான் விஷயம். அப்பாவுக்குத் தெரிந்தது மேசைக்கு அந்தப் பக்கத்தில் நிற்கிறவனின் பாடம். எல்லோரும் சாப்பிட்டு முடித்தார்கள், வெயிட்டர் வந்து நின்றான், பேச்சு மும்முரத்தில் யாரும் அவனைப் பார்க்கவில்லை, டானியாவின் கை தானாகப் பக்கத்துத் தட்டை எடுத்துத் தன் தட்டின் மேல் வைத்தது, எலும்பையும் எச்சிலையும் ஒரு ஓரமாகத் தள்ளியது, கரண்டிகளைச் சேர்த்து மேலே வைத்து அவனிடம் நீட்டியது... எதிரில் எல்.என் நிமிர்ந்து பார்த்தார். ஒரே ஒரு பார்வை, திட்டுகிற பார்வைகூட இல்லை. சஹானா அன்று தன் தட்டை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, கையை நாற்காலியின் முதுகில் போட்டுக்கொண்டு, பக்கத்து ஜெர்மன்காரரின் பெண் குதிரை ஓட்டக் கற்றுக்கொள்வதைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தாள். தட்டு எப்படிப் போயிற்று என்று அவளுக்குத் தெரியாது, தட்டுகள் போய்விடும். அதை எப்படி இரண்டு மாதத்தில் சொல்லிக் கொடுப்பாள்? கையைப் பிடித்துக்கொண்டு, வேண்டாம் டானியா, விடு, அவன் எடுப்பான் என்றா?

க்ரூம்... குதிரையைத் தேய்த்துச் சீவி விடுவதற்குத்தான் முதலில் அந்தச் சொல் என்று பள்ளிக்கூடத்தில் மிஸ் சொல்லியிருக்கிறாள். பள்ளிக்கூடம் என்றால் அம்மா வேலை பார்த்த கான்வென்ட், அம்மா மில்ட்ரெட் அங்கே சின்னக் குழந்தைகள் வகுப்புக்கு ஆயா, அதனால் டானியாவுக்கு ஃபீஸ் கிடையாது. கிறிஸ்துமஸுக்கு முன்னால் யாராவது ஒரு பணக்காரப் பெண்ணின் அம்மா ஒரு பை நிறைய ஃபிராக் கொண்டுவந்து கொடுப்பாள், எல்லாம் நல்ல துணி, ஒன்றிரண்டு முறை போட்டது. அம்மா டானியாவின் முதுகில் விரலை வைத்து முன்னால் தள்ளுவாள். சொல்லு மா, மேடத்துக்குத் தேங்க்யூ சொல்லு, சத்தமா சொல்லு. காலர் உட்புறத்தில் அந்தப் பெண்ணின் பெயர் சிவப்பு நூலில் தைத்திருக்கும், அம்மா உட்கார்ந்து ஊசி முனையால் ஒவ்வொரு தையலாகப் பிரித்து எடுப்பாள், நூல் போய்விடும், ஓட்டைகள் போகாது, கழுத்தில் கையை வைத்தால் விரலுக்குப் படிக்கக் கிடைக்கும்... ஒருமுறை அந்தப் பெண்ணே பக்கத்து பெஞ்சில் இருந்தாள், அவளும் நல்ல பெண்தான், உனக்கு நல்லா இருக்கு டானியா, எனக்கு அது பிடிக்கவே இல்லை என்றாள். எனக்கு எதுக்குடி இந்த ஜன்ஜட்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டால்? நாளைக்கு எல்.என் கூப்பிடுவார், கூப்பிட்டதும் உட்கார்ந்து, சார், மன்னிக்கணும், எனக்கும் வேண்டாம்... டானியா மனசுக்குள் அதைச் சொல்லிப் பார்த்தாள், அளவு சேராத சட்டை மாதிரி தோளில் நிற்கவில்லை. வேண்டாம் என்று சொல்வதற்குப் பின்னால் ஒரு கூர்க் இருக்க வேண்டும். அவர்கள் வீட்டில் யாரும் எதையும் வேண்டாம் என்று சொன்னதில்லை, ஓவர்டைமை, ஞாயிற்றுக்கிழமை டியூட்டியை, யாரோ கட்டிக்கொடுத்த மிச்ச கேக்கை. அவள் வேண்டாமென்றால் போஸ்ட் வெளியிலிருந்து யாருக்காவது போகும், வருகிறவன் கிளையன்டை ஆறு மாதத்தில் கெடுப்பான், அவள் அவனுக்குக் கீழே உட்கார்ந்து ராத்திரி ராத்திரியாகச் சரிசெய்வாள், சஹானா கூர்க்கிலிருந்து போன் செய்து, ஏன்டி இப்படிப் பண்ணினே என்று நிஜமாகவே வருத்தப்படுவாள். வாங்கிக்கொண்டால்? வாங்கிக்கொண்டால் ஃபிராங்ஃபர்டில் ஒவ்வொரு அறைக்குள் நுழையும்போதும் முதுகில் ஒரு விரல் இருக்கும். அந்த வேலைக்கு என்னை விடத் தகுதியான ஆள் அந்த ஆபீஸில் இல்லை, இது எனக்குத் தெரியும், எல்.என்னுக்குத் தெரியும், சஹானாவுக்கே தெரியும், அப்படியிருக்க என்னுடையதை எனக்கே கொடுக்க இவள் யார்... அதைத்தான் கேட்க வேண்டும், கேட்டால் இந்தக் காருக்குள் என்ன ஆகும், அந்த முகம் எப்படி விழும்...

போன் அடித்தது. அம்மா.

"எங்கமா இருக்க? இங்க மழ கொட்டுது. கரண்டும் போயிருச்சு."

"பாலத்துல நிக்கிறோம்மா. டிராஃபிக். சஹானா கார்ல வர்றேன்."

"அந்தப் பொண்ணு வண்டியிலயா? கர்த்தருக்கு ஸ்தோத்திரம். ஏ புள்ள, ரொம்ப தேங்க்ஸ் சொன்னேன்னு அதுகிட்ட சொல்லு, மறந்துராத. ஒரு நாள் வீட்டுக்குக் கூட்டியா, பிரியாணி பண்றேன்."

அம்மாவின் குரல் போனிலிருந்து வெளியே வழிகிறது, எப்போதும் அப்படித்தான், எழுபது குழந்தைகளை வரிசையில் நிறுத்திப் பழகின குரல். சஹானாவுக்குக் கேட்டிருக்கும், தலையைச் சாய்த்துப் புன்னகைக்கிறாள். டானியா போனை வைத்தாள். ஈரக் கண்ணாடியில் பின்னால் நிற்கிற பஸ்ஸின் விளக்கு மஞ்சளாகக் கரைந்தது.

"அம்மா உனக்குத் தேங்க்ஸ் சொல்லச் சொன்னாங்க," என்றாள்.

சொன்ன பிறகுதான் தெரிந்தது என்ன செய்தோம் என்று. சஹானா ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து டானியாவின் முழங்காலில் வைத்து அழுத்தினாள்.

"ஐயோ, இதுக்குப் போயா. ஆன்ட்டி ரொம்ப ஸ்வீட். நீ சந்தோஷமா இருந்தாப் போறும் எனக்கு."

காரில் ஏற்றிக்கொண்டதற்குச் சொன்ன நன்றியை இவள் போஸ்டுக்கும் சேர்த்து எடுத்துக்கொண்டுவிட்டாள், போகட்டும், கணக்கு தீர்ந்தது என்று ஒரு கணம் லேசாக இருந்தது, நான் சொல்லவில்லை, அம்மாதான் சொன்னாள்... அடுத்த கணமே அதுதான் குத்தியது. இத்தனை படித்து, இத்தனை தூரம் வந்து, கடைசியில் நன்றி சொல்ல வேண்டிய இடம் வந்ததும் அம்மாவை முன்னால் தள்ளிவிட்டேன். அம்மாவுக்கு என்ன விஷயம் என்றுகூடத் தெரியாது. வீட்டுக்குப் போய்ச் சொன்னால் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் முழங்கால் போடுவாள், அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், பெனிஸ்டன் சத்தம் போட்டு தெருவையே கூட்டிவிடுவான். அவர்களிடம் எப்படிச் சொல்வது, கிடைத்தது என்றா, கொடுத்தார்கள் என்றா? தமிழில் இரண்டும் வேறு வேறு சொல்தான், அம்மாவுக்கு இரண்டும் ஒன்று, எல்லாமே மேலேயிருந்து கொடுக்கப்பட்டது.

டெம்போ நகர்ந்தது. பாலம் முடிந்தது, முந்த்வா சௌக்கில் டிராஃபிக் போலீஸ்காரர் ரெயின்கோட்டோடு கையை வீசிக்கொண்டிருந்தார், கோர்படி பக்கம் திரும்பியதும் சாலை கொஞ்சம் திறந்தது. சஹானாவுக்கு உற்சாகம், இன்னும் பேச வேண்டும் அவளுக்கு, எந்தக் கம்பளிக்கோட்டு வாங்க வேண்டும், ஃபிராங்ஃபர்டில் எந்தப் பக்கம் தங்க வேண்டும், என்னோடதே ரெண்டு கோட்டு இருக்கு, சும்மா தொங்கிண்டு இருக்கு, உனக்குச் சரியா இருக்கும். டானியா ம், ம் என்று கேட்டாள், கேட்கக் கேட்க ஒரு விசித்திரம் நடந்தது, உள்ளே எங்கோ, இத்தனை கசப்புக்கும் அடியில், அந்த நகரம் தெரிய ஆரம்பித்தது, ஒரு கண்ணாடி அறை, நீள மேசை, தான் எழுந்து நிற்பது, ஜெர்மனில் முதல் வாக்கியம் சொல்வது, எதிரில் இருப்பவர்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பது... அது நன்றாக இருந்தது. வெட்கமாக இருந்தது, ஆனாலும் நன்றாக இருந்தது. நான் இதைச் செய்வேன், நன்றாகவும் செய்வேன், இவள் கோட்டைப் போட்டுக்கொள்ளாமல் செய்வேன். அதுவரைக்குமாவது என் இஷ்டம்.

சிக்னலில் நின்றபோது சஹானா கேட்டாள்: "அது சரி, உன் சீட் காலியாகுமே. அங்க யாரைப் போடப் போறே? நீ சொல்றதுதான் இனிமே."

யோசிக்கவே தேவையிருக்கவில்லை. டீமில் அச்சுதன் இருக்கிறான், நாகர்கோவில் பக்கத்துப் பையன், நான்கு வருடமாக அவளுக்குக் கீழே, ஹிந்தி இன்னும் வராது, கிளையன்டோடு பேசும்போது காது சிவக்கும், ஆனால் ஒரு வேலையை அவனிடம் கொடுத்தால் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. அவன் எழுதுகிற மெயில்களை அனுப்புவதற்கு முன்னால் டானியாதான் பார்த்துத் திருத்துவாள். இன்று மத்தியானம்கூட வந்து, அக்கா, உங்களுக்குத்தான் கெடைக்கும், நான் சொல்லுதேன் பாருங்க என்றான்.

"அச்சுதனுக்குக் குடுத்துடலாம்," என்றாள் டானியா, சீட்டில் சாய்ந்துகொண்டு, கையை லேசாக விரித்து. "பாவம், ரொம்ப நாளா உழைக்கிறான். கொஞ்சம் பேச வராது, அதை நான் பாத்துக்கறேன்."

"நல்ல மனசுடி உனக்கு," என்றாள் சஹானா. சிக்னல் பச்சையாயிற்று.

டானியா நிமிர்ந்து உட்கார்ந்தாள். குரல் யாருடையது? அவளுடையதுதான், அவள் வாய்தான் அசைந்தது, ஒரு கஷ்டமும் இல்லாமல் வந்தது, இவ்வளவு ஈஸியாக அவள் எதையுமே இந்த ஐந்து வருடத்தில் சொன்னதில்லை... பாவம். அச்சுதன் பாவமா? அவன் உழைக்கிறான், அவனுக்கு உரியது, அதைத்தான் சொல்ல வந்தாள், எப்படி அந்தச் சொல் முன்னால் வந்து உட்கார்ந்தது? அன்பில்தான் வந்தது, சத்தியமாக அன்பில்தான். அப்படியென்றால் ஞாயிற்றுக்கிழமை அந்தச் சாப்பாட்டு மேசையில், அப்பளத்தை நொறுக்கிக்கொண்டு, இதே அன்போடு, சஹானா என்னைப் பற்றிச் சொல்லும்போது என் பெயருக்கு முன்னால் என்ன சொல் வந்தது...

கார் சர்ச்சைத் தாண்டி அவள் தெரு முனையில் நின்றது. கதவின் பூட்டு டக்கென்று திறந்தது. தெரு முழுக்க இருட்டு, வீட்டு ஜன்னல்களில் மெழுகுவர்த்திகள். கேட்டுவிடலாம், ஒரே கேள்விதான், இப்போதே கேட்கலாம், மழையும் குறைந்திருக்கிறது. டானியா கைப்பிடியில் கை வைத்தபடி திரும்பினாள். சஹானா புருவத்தை உயர்த்தி, என்ன என்பது போல், முகம் முழுக்க நட்போடு பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பொய் சொல்ல வராது, கேட்டால் யோசித்து, ஞாபகப்படுத்தி, உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவாள்.

"ஒண்ணுமில்ல. பாத்துப் போ," என்றாள் டானியா.